தீவுக் கடற்கரைக்குப் போகலாமா? குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

அந்தமானுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கல்யாண வீடோ காதுகுத்து வீடோ, எங்கே போனாலும் யாராவது ஒருவர் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு தீவுக்குப் போகணும், எங்க போகட்டும்?" அதற்குப் பிறகு மாலத்தீவு, இலங்கை என்று இன்னும் இரண்டு பயணம் சேர்ந்தது, கேள்விகளும் சேர்ந்தன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து புறப்படுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் கடல். காசு கொடுத்து இன்னொரு கடலைப் பார்க்கப் போக வேண்டுமா?

என் அம்மாவும் இதைத்தான் கேட்டார். பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம். முட்டத்துப் பாறை மேல் சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கும் கடலுக்கு ஈடாக உலகத்தில் அதிக இடங்கள் கிடையாது.

ஆனால் இறங்கிக் குளிக்க? சொத்தவிளையில், சங்குத்துறையில், தேங்காய்ப்பட்டணத்தில் நாம் பிள்ளைகளை முழங்கால் அளவுக்கு மேல் விடுவதில்லை. விடவும் கூடாது. நமக்குத் தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவுமே இல்லை. தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் கிளப்பிவிட்ட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் உருண்டு வந்து நம் கரையில்தான் உடைகிறது. இங்கே காற்றே இல்லாத, வெயில் பளீரென்று அடிக்கிற நாளிலும் கடல் திடீரென்று ஏறும். 'கள்ளக்கடல்' என்று கடற்கரைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளில்தான். கடல் கொந்தளிக்கும் என்ற எச்சரிக்கை அன்றைக்கு இருந்தது.

பவளத்தீவு வேறு மாதிரி. தீவைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி, பவளப்பாறை ஒரு மதில் போல நிற்கிறது. பெரிய அலை அங்கேயே உடைந்துவிடும். மதிலுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத தண்ணீரைத்தான் லகூன் என்கிறார்கள். அங்கே ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயது ஆச்சியும் இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கலாம். நம் கடல் கரையில் நின்று பார்க்கிற கடல், அது உள்ளே இறங்குகிற கடல். காசு கொடுப்பது இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான். கடலில் இறங்கும் ஆசையே இல்லாதவர் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பச்சை நீலத் தண்ணீர் நிஜமா, கேமரா வேலையா?

நிஜம்தான். அடியில் கிடப்பது வெள்ளை மணல், தண்ணீருக்கு ஆழம் குறைவு, ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு கிடையாது. வெயில் கீழே போய்ப் பட்டுத் திரும்பும்போது அந்த நிறம் வருகிறது. மேகம் மூடினால் அதே இடம் சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் போய்விட்டு "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று வருத்தப்படக் கூடாது.

வெள்ளை மணல் வருவதும் ஒரு வேடிக்கையான கதை. நம் மணவாளக்குறிச்சி மணல் மலைப்பாறை தேய்ந்து வந்தது. இல்மனைட் கறுப்பும் கார்னெட் சிவப்பும் அதில் கலந்திருக்கும். பவளத்தீவு மணல் கல்லே அல்ல, செத்த பவளமும் சிப்பியும் பொடிந்தது. அதில் பெரும்பங்கு ஒரு மீனின் வயிற்றுக்குள் போய் வந்தது. கிளி மூக்கு மாதிரி வாயுள்ள அந்த மீன் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை மணலாகக் கழித்துவிடுகிறது. பெரிய மீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்குமாம். இதைச் சொன்னதிலிருந்து என் மகள் மாலத்தீவு மணலில் வீடு கட்டி விளையாட மறுத்துவிட்டாள். பிள்ளைகளிடம் ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் இல்லை. முதல் பயணம். எங்கே?

அந்தமான். யோசிக்கவே வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்துக்குப் பக்கம். இறங்கும் ஊரை போர்ட் பிளேர் என்றுதான் நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. 2018-லேயே ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும் நீல் தீவு ஷஹீத் தீவாகவும் மாறின. படகுக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட்டில் புதிய பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். பெயர் வாங்கிய இடம் என்பதால் சந்தேகத்தோடுதான் போனேன். மணல் மாவு மாதிரி இருந்தது, பின்னால் ஓங்கி வளர்ந்த காடு, பிறை போல வளைந்த கரை. சந்தேகம் போய்விட்டது. பவளமும் மீனும் பார்க்க அதே தீவில் எலிபென்ட் பீச் இருக்கிறது. ஆனால் என் குடும்பத்துக்கு அதிகம் பிடித்தது நீல் தீவின் பரத்பூர் கடற்கரை. நீர் வற்றும் நேரத்தில் வெகுதூரம் நடந்து போகலாம், கண்ணாடி அடிப் படகு இருக்கிறது, சத்தம் குறைவு.

நம் ஊர்க் கணக்கை அங்கே மறக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. சூரியன் நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே உதித்து மறைந்துவிடும். கடிகாரம் ஒன்றுதான், ஊர்தான் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே அஸ்தமனம். மத்தியானம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து கிளம்பினால் கடற்கரையில் இருட்டுதான் இருக்கும். இரண்டாவது, அங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் நம் ஊரைவிட மிக அதிகம். காலையில் குளித்த இடத்தில் மத்தியானம் பாறைதான் தெரியும். தங்கும் இடத்தில் அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டுக்கொண்டு நாளைத் திட்டமிடுங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் காலையில் ஹேவ்லாக் படகு, மத்தியானம் சென்னை விமானம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். நானும் தலையாட்டினேன். அன்றைக்குக் காற்று, படகு ரத்து. விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள் என்பது செய்தியாக வந்ததுதான், நான்தான் மறந்துவிட்டேன். கடைசி இரவை எப்போதும் விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே வையுங்கள். எந்தத் தீவுக்கும் இது பொருந்தும்.

சென்னையிலிருந்து கப்பலில் போகலாமே, செலவு மிச்சம்தானே?

போகலாம், மூன்று நாள் ஆகும். பத்து நாள் விடுமுறையில் ஆறு நாள் கப்பலிலேயே போய்விடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சரி.

லட்சத்தீவு பக்கத்தில்தானே இருக்கிறது? ஏன் யாரும் போவதில்லை?

பக்கத்தில்தான். நாகர்கோவிலிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு போட்டால் 500 கிலோமீட்டருக்குள் மினிக்காய் தீவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நம் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு இந்தக் கடல் தெரு மாதிரி. தரையில் வாழும் நமக்குத்தான் தூரம்.

காரணம் அனுமதி. 36 தீவுகளில் மக்கள் இருப்பது பத்தில், மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர். ஒரு பெரிய பஞ்சாயத்து அளவு. ஆனால் லகூன் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். குடிநீரிலிருந்து குப்பை வரை எல்லாமே அங்கே சிக்கல் என்பதால் போகிறவர்களின் எண்ணிக்கையை அளந்துதான் விடுகிறார்கள். இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே லட்சத்தீவு நிர்வாகத்தின் தளத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். எளிய வழி, லட்சத்தீவு சுற்றுலாவை நடத்தும் 'ஸ்போர்ட்ஸ்' என்ற அரசு அமைப்பின் கப்பல் பயணத்தில் சேர்ந்துவிடுவது. கப்பல் கொச்சியிலிருந்து கிளம்பும், பொதுவாக 14 முதல் 18 மணி நேரம். விமானம் என்றால் கொச்சியிலிருந்து அகத்தி.

பங்காரம், கட்மத், அகத்தி இவற்றின் லகூன்கள் மாலத்தீவுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. ஓட்டல் வசதிதான் குறைவு. ஏசி, மெத்தை, நூறு வகை காலைச் சாப்பாடு எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். நமக்கு ஓரளவு மலையாளம் வரும் என்பது அங்கே பெரிய வசதி. மினிக்காய் மட்டும் விலக்கு. அங்கே பேசுவது மஹல், மாலத்தீவு மொழியின் உடன்பிறப்பு. 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்தால் தீவு முழுக்கத் தெரியும் என்கிறார்கள். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

மது எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஊருக்குள் உடை அடக்கமாக இருக்கட்டும்.

மாலத்தீவு பணக்காரர்களுக்குத்தானே?

ஒரு தீவு, ஒரு ரிசார்ட், தண்ணீருக்கு மேல் மர வீடு என்று படத்தில் பார்ப்பது பணக்காரர்களுக்கானதுதான். மறுக்கவில்லை. ஆனால் 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்த அனுமதி கொடுத்துவிட்டார்கள். மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா என்று நிறைய தீவுகளில் நம் கன்னியாகுமரி லாட்ஜ் மாதிரி, அதைவிடச் சுத்தமான விடுதிகள் இருக்கின்றன. கடல் அதே கடல்தான். ரிசார்ட்காரர்களுக்கென்று தனியாக நீலம் கலந்து விடுவதில்லை.

தூரத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலே நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து சென்னையே அதைவிடக் கொஞ்சம் அதிகம். நம் மாவட்டத்து ஆசிரியர்களும் செவிலியர்களும் அங்கே போய் வேலை பார்த்ததில் வியப்பே இல்லை. இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். அதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம்தான். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

செலவு ஒளிந்திருப்பது படகில். விமான நிலையமே ஒரு தனித் தீவு, அங்கிருந்து உங்கள் தீவுக்கு விரைவுப் படகோ கடல் விமானமோ பிடிக்க வேண்டும். அறை வாடகை மலிவாக இருக்கிறதே என்று தூரத்து ரிசார்ட் ஒன்றை எடுத்த என் மைத்துனர், கடல் விமானக் கட்டணத்தைப் பார்த்து வியர்த்துப்போனார். திருவனந்தபுரம் விமானச் சீட்டைவிட அது அதிகம். தவிர, கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் ஒரு இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹுல்ஹுமாலே தீவில் தங்க வேண்டியிருக்கும், அதற்கும் வாடகை. இது போக பசுமை வரி, 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், சிறிய விடுதி என்றால் 6 டாலர். "மொத்தம் எவ்வளவு, படகும் வரியும் சேர்த்து" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மக்கள் வாழும் தீவில் மது கிடையாது. வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்கவென்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற கரைகளில் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குகிறார்கள். சுடிதாரோடு இறங்கத் தயங்கிய என் அக்காவுக்கு இதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டும் கரையேறவில்லை.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். அப்போது எந்தத் தீவு நல்லது?

உண்மையில் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவர்கள் முதலில் தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தேதியைப் பார்க்கிறார்கள். மாதம் என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி தீவுகள் தாமாகவே கழன்றுவிடும்.

நம் மீனவர்கள் கச்சான் காற்று, வாடைக்காற்று என்று பிரித்துச் சொல்வார்கள். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அப்போது மேற்கைப் பார்த்த கரையெல்லாம் கலங்கும். குளச்சல், முட்டம் பக்கம் ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடை, நமக்குத் தெரிந்ததுதான். லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் தென்மேற்கு, தாய்லாந்தின் ஃபூகெட் எல்லாம் இந்தக் காற்றுக்கு முகம் கொடுத்தவை. காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் கரை அப்போது குளம் போல இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரை அப்படித்தான்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து மே முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் அந்தமான் போகலாம், வெயில் கடுமை, கடல் அமைதி. மே மூன்றாவது வாரத்தில் பருவமழை முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான் என்பதால் அதைத் தாண்ட விடாதீர்கள். மே பின்பாதி என்றால் திருகோணமலையும் பாசிக்குடாவும். காலாண்டு விடுமுறைக்கு பாலி சரிவரும், அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. டிசம்பர் கடைசியில் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு எல்லாம் அழகாக இருக்கும், எல்லாம் விலை ஏறியிருக்கும். நம் மாவட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு வீட்டை விட்டு யாரும் நகர மாட்டார்கள், 26-ஆம் தேதி கிளம்புவோம். வருடத்திலேயே விலை அதிகமான வாரம் அதுதான். ஒரு வாரம் பள்ளிக்கு லீவு போட்டு ஜனவரி நடுவில், பொங்கலையொட்டிப் போனால் அதே அறை கணிசமாகக் குறைந்துவிடும். ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

இலங்கை தீவுதானே, அங்கே என்ன புதிதாக இருக்கப்போகிறது?

நானும் அப்படித்தான் நினைத்தேன். தெற்கே மிரிஸ்ஸா, உனவட்டுன எல்லாம் தென்னையும் பாறையுமாக நம் ஊர்ச் சாயல்தான். ஆச்சரியம் கிழக்கில் இருக்கிறது. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவில் கடலுக்குள் நடந்துகொண்டே போகிறேன், தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவே இல்லை. திரும்பிப் பார்த்தால் கரையில் நின்ற மனைவி ஒரு புள்ளியாகத் தெரிகிறாள். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, அங்கிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாமலைத் தீவு. அது தேசியப் பூங்கா, பவளத்தையும் சிறிய சுறாக்களையும் நீர்மட்டத்திலிருந்தே பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் படுத்துக் கிடக்கும். கடைக்காரரிலிருந்து படகுக்காரர் வரை தமிழ். விலை பேசும்போது அவர்கள் தமிழ் நம்மைவிட நன்றாக இருப்பதால் தோற்றுவிடுகிறோம், அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு விமானம் குறுகிய பயணம். கொழும்பிலிருந்து கிழக்குக் கரைக்குச் சாலையில் அரை நாளுக்கு மேல் போய்விடும், அதைக் கணக்கில் வையுங்கள்.

பாலி, தாய்லாந்து?

பாலியை நான் கடற்கரைக்காகச் சொல்ல மாட்டேன். கோயில், வயல், நாட்டியம் எல்லாம் அருமையாம். ஆனால் குட்டா கடற்கரை அலைச்சறுக்குக்காரர்களுக்கானது, மழை மாதங்களில் குப்பை ஒதுங்குவது செய்தியிலேயே வருகிறது. தாய்லாந்தில் 'தி பீச்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் மாயா விரிகுடாவுக்கு மக்கள் போய்ப் போய் பவளம் நாசமாகி, 2018-ல் மூடி 2022-ல் திறந்தார்கள். இப்போது அங்கே நீந்த விடுவதில்லை. இரண்டுக்கும் நான் போனதில்லை, போனவர்கள் மகிழ்ச்சியாகத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

கொஞ்சம் தூரமாக, வாழ்க்கையில் ஒருமுறை என்றால்?

இரண்டு பெயர் சொல்வேன். மொரீஷியஸ், செஷல்ஸ்.

மொரீஷியஸில் தீவை ஏறக்குறைய முழுக்கப் பவளமதில் சுற்றி வளைத்திருப்பதால் பெரும்பாலான கரைகளில் நிம்மதியாக இறங்கலாம். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது. அங்கே தமிழ்க் குடும்பங்களின் கல்யாண விருந்தில் வாழை இலையில் ஏழு கறி வைப்பார்கள். நம் ஊர்ப் பந்தியில் அவியல், எரிசேரி, ஓலன், புளிசேரி என்று எண்ணிப் பழகியவர்களுக்கு ஏழு குறைவுதான்.

செஷல்ஸில் லா தீக் என்ற சின்னத் தீவு, அங்கே ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் கடற்கரை. யானைகள் படுத்துக் கிடப்பது போல வழவழவென்ற கருங்கல் பாறைகள், நடுவே வெள்ளை மணல். படத்தைப் பார்த்த என் மாமா, "இது நம்ம முட்டம்லா, மணலை மட்டும் மாத்தியிருக்கான்" என்றார். முழுக்கத் தவறில்லை. தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. இரண்டு நாடுகளுக்கும் செலவு அதிகம், விமானம் மாறிப் போக வேண்டும்.

நீந்தத் தெரியாது. போய்ப் பயன் உண்டா?

கடற்கரை மாவட்டத்தில் பிறந்தும் நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது, வெட்கப்பட ஒன்றுமில்லை. லகூனில் உயிர்காப்புச் சட்டை போட்டு, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தாலே மீன்கள் தெரியும். பழகப் பத்து நிமிடம் போதும். முதலில் கரையோரம் முட்டளவு நீரில் முகத்தை மட்டும் முக்கி மூச்சு விட்டுப் பாருங்கள், பதற்றம் போன பிறகு உள்ளே போங்கள்.

லகூன் என்றால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். பவளமதிலில் இடைவெளி இருக்கும் இடத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே ஓடும், ஆற்று வேகத்தில். எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது வேடிக்கைக்கு வைத்ததல்ல. ஆழ்நீர் மூழ்குதல் செய்தால் அதற்குப் பிறகு ஒரு நாளாவது இடைவெளி விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

எங்கள் வீட்டில் சோறும் மீனும் இல்லாமல் ஆகாது. என்ன செய்வது?

தீவுக்காரர்களுக்கும் ஆகாது. மாலத்தீவில் காலைச் சாப்பாடு சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்த 'மஸ் ஹுனி', கூட ரொட்டி. மாசி என்று நம் கடைகளில் விற்கும் கல் போன்ற கருவாட்டுக்குத் தாய்வீடே அதுதான். அந்தமானில் தமிழர்கள் நிறைய, மெஸ் சாப்பாடு கிடைக்கும். இலங்கையில் தேங்காய்ப்பால் ஊற்றாத கறி அபூர்வம். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் கிடைக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள். காய்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் மாலத்தீவின் சிறு தீவுகளில் கொஞ்சம் சிரமப்படுவார்கள், ஊறுகாயும் பருப்புப்பொடியும் பையில் இருக்கட்டும்.

சிப்பி, பவளம் பொறுக்கிக்கொண்டு வரலாமா?

கூடாது. பவளம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, அந்தமான் விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். மாலத்தீவிலும் தடைதான். செத்துக் கிடந்ததாயிற்றே என்ற வாதம் செல்லாது.

தமிழ்நாட்டிலேயே இப்படித் தீவு இல்லையா?

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 பவளத்தீவுகள் இருக்கின்றன. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபடி போய் இறங்க முடியாது. அதனால்தான் அங்கே பவளம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது.

பவளமெல்லாம் வெளுத்துவிட்டதாமே? போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்குமா?

கடல் சூடானால் பவளம் வெளுக்கும், சூடு நீடித்தால் சாகும். 1998-லும் 2016-லும் மாலத்தீவில் பெரிய அழிவு. 2024 கோடையில் லட்சத்தீவிலும் பரவலாக வெளுத்தது. ஆகவே பழைய படத்தில் இருக்கும் வண்ணத் தோட்டம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் இருக்கின்றன, ஆமை இருக்கிறது, பவளம் சில இடங்களில் துளிர்க்கிறது, சில இடங்களில் எலும்புக்கூடாக நிற்கிறது. பவளத்தின் மேல் காலை ஊன்றி நிற்காமல் இருந்தாலே நம் பங்குக்குப் போதும். நின்றால் காலையும் கிழித்துவிடும்.

வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. ஆனால் படகில் ஏறி இறங்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டம், நடப்பது அல்ல. தோணித்துறையில் படகு ஆடும்போது அரை அடி தாண்ட வேண்டியிருக்கும், இருபக்கமும் ஆள் வேண்டும். ஒரே தீவில் நான்கு நாள் தங்குங்கள், தினமொரு தீவு வேண்டாம். கடல் மயக்கத்துக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படகு கிளம்பிய பிறகல்ல, அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். படகின் பின்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே இடம் பிடியுங்கள்.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

முழுக்கை சட்டை, முக்கியமாகத் தண்ணீரில் போட. மீன் பார்க்கும் ஆசையில் குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துபோவது தெரியாது, ராத்திரி மல்லாந்து படுக்கும்போதுதான் தெரியும். பவளம் குத்தாத ரப்பர்ச் செருப்பு. சொந்த முகக்கண்ணாடி, வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒழுகும். அப்புறம் ரொக்கம், சின்னத் தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்றுதான் இருக்கும், அதிலும் பணம் இருக்காது. நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பாக்கெட் கூடுதலாக வையுங்கள். படகுக்காரருக்கு ஒன்று கொடுத்தால் கூட்டமில்லாத மணல் திட்டுக்குக் கூட்டிப்போவார், எங்களைக் கூட்டிப்போனார்.